நாலு வாண்டுகள், ஒரு சன்ஸ்கிரீன் பம்ப்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஜனவரி மாதக் கோடைக் காலை. மேகம் விட்டுவிட்டு நிற்கிறது, 19 டிகிரி, காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது. பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் மாட்டலாமா என்றுதான் கை போகும். அன்றைக்கும் நடுப்பகலில், புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் யு.வி. இன்டெக்ஸ் 8, 9 என்று ஏறி நிற்கலாம். அதே ஊரில் ஜூன் மாதம், பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளில், அது 2-ஐத் தாண்டாது. ஃபேமிலி டே கேர் என்று தங்கள் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற நம் பெண்கள் பலரும் முதல் வருடம் சறுக்குவது இந்த இடத்தில்தான். நம் மொழியில் ‘வெயில்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெளிச்சமும் சூடும் சேர்ந்தே கிடக்கின்றன. சுட்டால் வெயில், சுடாவிட்டால் வெயில் இல்லை. தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் கண்ணுக்கும் தெரியாது, சுடவும் சுடாது. உடம்பை நம்பி முடிவெடுத்தால் குளிர்ந்த நாட்களில்தான் பிள்ளைகள் சிவந்து போவார்கள்.

ஆகவே காலையில் முதல் வேலை, போனில் சன்ஸ்மார்ட் ஆப்பைத் திறந்து அன்றைய பாதுகாப்பு நேரத்தைப் பார்ப்பது. யு.வி. 3 அல்லது அதற்கு மேல் போகும் நேரத்தை அது உங்கள் ஊருக்கே கணக்கிட்டுக் காட்டும். வானிலை மையத்தின் ஆப்பிலும் அதே தகவல் இருக்கிறது. மெல்பர்னில் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை தினமும் பார்க்க வேண்டிய விஷயம் இது. பிரிஸ்பேன், டார்வின் பக்கம் வருடம் முழுக்க. கோடையில் மெல்பர்னில் காலை எட்டரை, ஒன்பதுக்கே 3 வந்துவிடும். மாலை ஐந்தரை, ஆறு வரை இறங்காது. ‘காலையிலேயே விளையாட விட்டுவிட்டால் போதும், பிறகு உள்ளே வைத்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பெற்றோர் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும்போதே நேரம் தொடங்கிவிட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கோடைகால நேர மாற்றத்தால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. ஜனவரியில் மெல்பர்னில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மணி, சிட்னியில் ஒரு மணியை ஒட்டி. கடிகாரத்தைப் பார்த்து ‘மூன்று மணி ஆகிவிட்டதே, வெயில் தாழ்ந்துவிட்டது’ என்று நினைத்தால், சூரியன் கணக்கில் அது மெல்பர்னில் வெறும் ஒன்றரை மணிதான்.

நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளின் மதியத் தூக்கம் பெரும்பாலும் 12:15 முதல் 2:15 வரை. யு.வி. உச்சத்தில் இருக்கும் நேரம் அப்படியே தூக்கத்தில் கழிந்துவிடும். பெரிய சென்டர்களில் ஒரு கூட்டம் தூங்க, இன்னொரு கூட்டம் வெளியே என்று முறை வைத்து ஓடும். வீட்டு டே கேரில் ஒரே கால அட்டவணைதான். அந்தத் தூக்கத்தை அசைக்காமல், அதைச் சுற்றி நாளைக் கட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வி மற்றும் பராமரிப்புச் சேவைகளுக்கான தேசிய விதிமுறைகளில் 168-ஆவது விதிப்படி வெயில் பாதுகாப்புக்கு எழுத்தில் ஒரு கொள்கை இருக்க வேண்டும். வெளியிடத்தில் போதிய நிழல் இருக்க வேண்டும் என்று சென்டர்களுக்கு 114-ஆவது விதி சொல்கிறது. வீட்டு டே கேரில் வழக்கமாக ஒரு எஜுகேட்டருக்கு, அதாவது பார்த்துக்கொள்பவருக்கு, அதிகபட்சம் ஏழு பிள்ளைகள். அதில் பள்ளிக்குப் போகாத சின்னவர்கள் நாலு பேருக்கு மேல் கூடாது. சிக்கலே அந்த நாலில்தான். க்ரீம் பூச இருப்பது இரண்டு கை. ஒருவனுக்குப் பூசும்போது மற்ற மூவரும் கண் முன்னால் இருக்க வேண்டும்.

க்ரீமுக்கு வருமுன் நிழல், துணி, தொப்பி மூன்றையும் முடித்துவிட வேண்டும். காரணம் எளிது: நிழலும் துணியும் பூச மறந்தாலும் வேலை செய்யும், வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்தில் காலாவதியாகாது.

நிழலில் நம் ஊர்ப் புத்தி ஒரு இடத்தில் ஏமாற்றும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கோடையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழல் காலடியில் விழும். இங்கே நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கிறது. மரத்தின் நிழல் தெற்கே விழும். பின்கட்டு தெற்குப் பார்த்த வீடாக இருந்தால் வீட்டின் நிழலே கொல்லையில் கொஞ்சம் கிடைக்கும். வடக்குப் பார்த்த கொல்லை என்றால் நாள் முழுக்கத் திறந்த வெளிதான், அங்கே ஷேட் செயில் என்ற நிழல் துணியைக் கட்டாமல் சமாளிக்க முடியாது. வாடகை வீட்டில் கம்பம் நட முடியாதவர்கள் நகர்த்தக்கூடிய கூடாரத்தைக் கால்களில் மணல்மூட்டை கட்டி நிறுத்தலாம். மூட்டை கட்டாத கூடாரம் மெல்பர்ன் காற்றில் பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிவிடும்.

ஒரு நாள் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். பத்து மணிக்கு நிழல் விழுந்திருக்கும் ஓரத்தில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். 11-க்கு ஒன்று, 3-க்கு ஒன்று, 4-க்கு ஒன்று. மணல்தொட்டி எந்தக் கோட்டுக்குள் விழுகிறது, தண்ணீர் மேசை எதற்குள் விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். மணல்தொட்டியை ஒரு மீட்டர் நகர்த்தினாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். பிள்ளைகள் நிழலைத் தேடிப் போகமாட்டார்கள், விளையாட்டுச் சாமான் இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். சாமானை நிழலில் வையுங்கள். மாதம் மாறினால் கோடும் மாறும். அக்டோபரில் போட்ட கோடு டிசம்பருக்கு ஆகாது.

குடையோ செயிலோ, அதன் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்போது பக்கவாட்டில் நிறைய வானம் தெரிந்தால் அங்கே யு.வி. வந்துகொண்டுதான் இருக்கிறது. காற்றில் சிதறி நாலா பக்கத்திலிருந்தும் வரும், கான்கிரீட்டிலும் வெள்ளை மணலிலும் பட்டுத் திரும்பியும் வரும். புல் மிகக் குறைவாகவே திருப்பும். அதனால் கான்கிரீட் முற்றத்துக் குடையைவிடப் புல்தரையில் நிற்கும் அடர்ந்த மரம் மேல். எதன் அடியில் உட்கார்ந்தாலும் தொப்பியைக் கழற்றக் கூடாது.

துணிக்கு வருவோம். முழங்கை வரை கை, கழுத்தில் காலர் அல்லது உயர்ந்த கழுத்து, முட்டி வரை காற்சட்டை. சிங்லெட்டும் பட்டை வைத்த கவுனும் வெளியே போக ஆகாது. தோள்பட்டைதான் முதலில் கருகும் இடம். துணியைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் யு.வி.யும் ஊடுருவும். நம் ஊர் மல் துணிச் சட்டை உடம்புக்கு நல்ல காற்றோட்டம், ஆனால் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். நனைந்த பருத்தி உடம்பில் இழுபட்டு ஒட்டும்போது பாதுகாப்பு இன்னும் குறையும். தண்ணீர் விளையாட்டு நாளில் யு.பி.எஃப். (துணி யு.வி.யை எவ்வளவு தடுக்கும் என்ற எண்) 50+ என்று போட்ட ராஷ் வெஸ்ட் என்ற நீச்சல் சட்டை வேண்டும் என்பது அதனால்தான்.

தொப்பியில் எனக்குச் சமரசமே இல்லை: கேப் தொப்பி தொப்பியே அல்ல. காதையும் கழுத்தையும் கன்னத்தையும் அது விட்டுவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சுற்றிலும் குறைந்தது 5 சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். பக்கெட் தொப்பி என்றால் தலைப்பகுதி நன்றாகக் கீழே இறங்கி உட்கார வேண்டும். பின்னால் துணி தொங்கும் லீஜனேர் தொப்பியில் முன்விளிம்பும் பின்துணியும் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்; இடைவெளி இருந்தால் காது வெளியே தெரியும். நாடா வைத்த தொப்பி வந்தால் இழுத்தால் தானே விடுபடும் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நாடாவை வெட்டிவிடுங்கள். சறுக்குமரத்தில் நாடா மாட்டினால் கழுத்து மாட்டியது போல.

ஒன்றரை வயதுப் பிள்ளை தொப்பியைக் கழற்றி எறியும். நீங்கள் மாட்ட, அது எறிய, பத்து முறை நடக்கும். வேலைக்காகும் ஒரே வழி, உங்கள் தலையிலும் எப்போதும் தொப்பி இருப்பதும், தொப்பி இல்லாதவனுக்கு நிழலில் மட்டும்தான் விளையாட்டு என்ற விதியை ஒரு நாள்கூடத் தளர்த்தாமல் இருப்பதும்தான். இரண்டு மூன்று வாரத்தில் கதவைப் பார்த்ததும் அதுவே தொப்பியைக் கொண்டுவந்து நீட்டும். வீட்டிலிருந்து தொப்பி வரும் என்று நம்பிக்கொண்டிருக்காமல், பெயர் எழுதி நாலு தொப்பியைக் கதவுப்பக்கம் ஆணியில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தொப்பியை இன்னொருவருக்குப் போடாதீர்கள், பேன் தொல்லை.

இனி க்ரீம். இதில்தான் எல்லோரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு தப்பு செய்கிறோம்.

எதை வாங்குவது? எஸ்.பி.எஃப். (தோல் சிவக்காமல் க்ரீம் எவ்வளவு காக்கும் என்ற எண்) 30 அல்லது அதற்கு மேல், பிராட் ஸ்பெக்ட்ரம் (புற ஊதாக் கதிரின் இரு வகையையும் தடுப்பது), தண்ணீரில் கரையாதது. பாட்டிலில் ‘ஆஸ்ட் எல்’ என்ற எழுத்துகளுடன் ஒரு எண் இருக்கும். மருந்துப்பொருள் நிர்வாகமான டி.ஜி.ஏ.யின் பட்டியலில் அந்தப் பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஊரிலிருந்து பெட்டியில் வந்த க்ரீமில் அது இருக்காது, டே கேருக்கு அதை எடுக்க வேண்டாம். எஸ்.பி.எஃப். 30, சருமத்தைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 96.7 சதவீதத்தைத் தடுக்கும். 50 சுமார் 98 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். 50 பூசினோம் என்ற தைரியத்தில் இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுவது முட்டாள்தனம். 2025 ஜூனில் நுகர்வோர் அமைப்பான சாய்ஸ் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 பாட்டில்கள் மேலே எழுதியிருந்த எண்ணை எட்டவில்லை. அதற்காக க்ரீமைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் க்ரீமை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

‘கிட்ஸ்’, ‘டாட்லர்’ என்று வண்ணப் படம் போட்ட பாட்டிலுக்கு எஸ்.பி.எஃப். சோதனை வேறு அல்ல. பெரும்பாலும் வாசனைப் பொருள் குறைந்திருக்கும், அது உணர்ச்சி மிகுந்த தோலுக்கு நல்லது. விலை கூடியிருக்கும். வாசனை சேர்க்காத சாதாரண 1 லிட்டர் பம்ப் பாட்டிலே போதும். ஸ்பிரே டப்பா வேண்டவே வேண்டாம்: பாதி காற்றோடு போகும், மீதியில் எவ்வளவு தோலில் பட்டது என்று கண்ணால் சொல்ல முடியாது, பிள்ளை மூச்சில் இழுத்துவிடும். ரோல்-ஆன் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் உருட்டும் போது படிவது மெல்லிய கோடு. ஒரே இடத்தில் நாலைந்து முறை உருட்டாமல் அளவு தேறாது.

அளவு. பெரியவர் முழு உடம்புக்கு 35 மில்லி என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு: ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, முன்னுடம்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முகம் கழுத்து காதுக்கு ஒன்று. இரண்டு வயதுப் பிள்ளையின் தோல் பரப்பு பெரியவருடையதில் சுமாராக மூன்றில் ஒரு பங்கு. அரைக்கைச் சட்டையும் முட்டிவரைக் காற்சட்டையும் போட்டிருந்தால் வெளியே தெரியும் இடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லி தேவைப்படும், தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. முகம், காது, கழுத்துக்கு 1. ஒவ்வொரு கைக்கும் அரை. முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு காலுக்கும் 1. உங்கள் பம்ப் ஒரு அழுத்துக்கு எவ்வளவு தருகிறது என்று மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் ஒரு முறை அளந்து பார்த்து, ‘ஒரு பிள்ளைக்கு இத்தனை அழுத்து’ என்று பாட்டிலிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

இதிலிருந்து ஒரு கணக்கு வரும். நாலு பிள்ளை, ஆளுக்கு 4 மில்லி, நாளைக்கு இரண்டு முறை: 32 மில்லி. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 1 லிட்டர் பாட்டில் ஆறு வாரத்தில் தீர வேண்டும். நவம்பரில் திறந்த பாட்டில் மார்ச்சில் இன்னும் பாதி இருக்கிறதென்றால் சிக்கனம் என்று சந்தோஷப்படாதீர்கள். பாதி அளவு பூசினால் 50 என்று எழுதியிருக்கும் பாதுகாப்பு 50-க்குக் கிட்டவே வராது.

எப்போது பூசுவது? வெளியே போக 20 நிமிடம் முன்னால், காய்ந்த தோலில். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ‘4 மணி நேரம் தண்ணீரில் நிற்கும்’ என்று பாட்டிலில் இருந்தாலும் இரண்டு மணி நேரம்தான். தண்ணீரில் ஆடித் துண்டால் துடைத்தால் உடனே மறுபடி.

அந்த 20 நிமிடம்தான் நாலு வாண்டுகளை வைத்திருப்பவருக்குத் தலைவலி. க்ரீம் பூசிவிட்டுக் கதவருகே நிறுத்தி வைக்க முடியுமா? அதைக் காலைத் தீனியால் நிரப்புங்கள். 9 மணிக்கு நாப்கின் மாற்றம். 9:10-க்கு க்ரீம். 9:25-க்குக் கை கழுவித் தீனி. 9:45-க்குத் தொப்பி மாட்டி வெளியே. 11 மணிக்கு உள்ளே வந்துவிட்டால் இரண்டு மணி நேரக் கெடு முடியவில்லை. தூங்கி எழுந்ததும் 2:30-க்கு மறுபடி க்ரீம், மாலைத் தீனி, 3 மணிக்கு வெளியே. ஒரு நாளைக்கு இரண்டே முறையில் முடிந்துவிடும். நாப்கினுக்கு முன்னால் க்ரீம் பூசினால் மாற்றும்போது காலில் பூசியதெல்லாம் துணியோடு போகும், ஆகவே அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பூசும் விதம் இது. பிள்ளையைக் குட்டி நாற்காலியில் உங்களுக்கு முதுகு காட்டி, எதிரே கண்ணாடி வைத்து உட்கார வையுங்கள். முகம் உங்களைப் பார்த்திருந்தால் கை நெருங்கும்போதே தலையைத் திருப்பும். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது. மற்ற மூவரும் அதே கண்ணாடி முன்னால் பாயில், உங்கள் பார்வைக்குள். பின்கழுத்திலிருந்து தொடங்குங்கள், அங்கே கை படுவதை அது எதிர்க்காது. பிறகு காது, காதின் மேல்விளிம்பு, காதுக்குப் பின்னால். கை, புறங்கை. கால், முழங்காலின் பின்பக்கம், பாதத்தின் மேல்பக்கம். முகம் கடைசியில்: நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று ஐந்து பொட்டு வைத்து, பொட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவுங்கள். கண்ணிமையில் வேண்டாம், உள்ளங்கையில் வேண்டாம். உள்ளங்கையில் பட்டது அடுத்த நிமிடம் கண்ணிலும் வாயிலும் இருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

தவறிப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான்: காது நுனி, பின்கழுத்து, புறங்கால், சட்டைக் கையும் கழுத்தும் முடியும் ஓரம், இரட்டைச் சடை போட்ட பிள்ளையின் வகிடு. வகிட்டில் க்ரீம் பூச வேண்டாம், தொப்பி போதும். இன்னொரு ஓட்டை, தீனி முடிந்ததும் வாயைத் துடைக்கிறோமே, அந்த ஈரத் துணி கன்னத்து க்ரீமையும் சேர்த்து எடுத்துவிடும். தொப்பி மாட்டும்போது வாயைச் சுற்றி மறுபடி ஒரு பொட்டு வையுங்கள்.

ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் கை கழுவ வேண்டும். யாருக்காவது சீழ்க்கொப்புளமோ பாலுண்ணியோ இருந்தால் அந்தப் பிள்ளையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், புண் மேல் பூசாதீர்கள், அந்த இடத்தைத் துணியால் மறையுங்கள். எக்ஸிமா வெடிப்பிலும் அப்படியே. மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் தாங்களே பூசிக்கொள்ளப் பழகட்டும், ஆனால் அது பழக்கத்துக்கு, மேல்பூச்சு உங்களுடையது.

புதுப் பிள்ளை சேர்ந்தால் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், நீங்கள் பயன்படுத்தும் க்ரீமின் பெயரோடு. உள்கையில் ஒரு சின்ன இடத்தில் சில நாள் பூசிப் பார்த்து, தடிப்போ அரிப்போ இல்லை என்றால்தான் மற்ற இடங்களுக்கு. சில க்ரீம்களில் பாதாம், தேங்காய் எண்ணெய்கள் சேர்ந்திருக்கும், ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு லேபிளை முழுக்கப் படியுங்கள். வீட்டிலிருந்து க்ரீம் கொடுத்தனுப்பினால் அதில் பெயர், காலாவதித் தேதி இரண்டும் இருக்கட்டும். ‘காலையில் நாங்களே பூசிவிட்டோம்’ என்று அப்பா சொன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குப் பூசியது பத்து மணிக்குக் கணக்கில் வராது.

பாட்டிலை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். காரில் விட்டது, வராந்தாச் சுவரோரம் நாள் முழுக்க நின்றது எல்லாம் சந்தேகம்தான். அழுத்தும்போது தண்ணீரும் எண்ணெயுமாகப் பிரிந்து வந்தால் குப்பைக்கு.

நம் வீட்டுப் பிள்ளைகள் என்று வரும்போது தேங்காய் எண்ணெயைப் பேசாமல் முடியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மா குளிக்க வைத்து, தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தடவித்தான் அனுப்புவார். எண்ணெய் சன்ஸ்கிரீனுக்கு மாற்று ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு மேல் க்ரீம் சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக நிற்கும். காலையில் எண்ணெய் வேண்டாம், இரவுக் குளியலுக்குப் பிறகு வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கையிலும் முகத்திலும் எண்ணெயோடு வந்துவிட்டால் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பூசுங்கள். வீட்டில் கலந்து செய்யும் ‘இயற்கை’ சன்ஸ்கிரீன் எதையும் ஏற்க வேண்டாம்.

அடுத்த கேள்வி: “எங்கட பிள்ளை கறுப்புத்தானே, இவனுக்கு ஏன் இது?” நியாயமான கேள்வி, சிரித்துத் தள்ளக் கூடாது. கருந்தோலில் மெலனின் அதிகம், தோல் புற்றுநோய் அபாயம் வெள்ளைத் தோலைவிட மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவில் இப்போதைய வழிகாட்டுதலே மக்களைத் தோல் நிறப்படி பிரித்து, மிகக் கருந்தோல் உள்ளவர்களுக்குத் தினசரி க்ரீம் அவசியமில்லை, நீண்ட நேரம் வெளியே நின்றால் மட்டும் பாதுகாப்பு தேவை என்கிறது. அவர்களுக்கு வைட்டமின் டி குறைபாடு வருவதும் உண்மையிலேயே அதிகம். ஆனால் நம் பிள்ளைகளில் மாநிறம், பொதுநிறம், சிவப்பு என எல்லாத் தோலும் உண்டு. இடைநிறத் தோலுக்குப் பாதுகாப்பு தேவைதான். கண்ணுக்கு நிறம் ஒரு காப்பும் இல்லை. ஆகவே டே கேரில் தொப்பி, துணி, நிழல் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல. க்ரீம் பற்றிப் பெற்றோருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் பேசி எழுத்தில் கொண்டுவரட்டும், உங்கள் சேவையின் கோ-ஆர்டினேட்டரும் ஒத்துக்கொள்ளட்டும். வைட்டமின் டி குறைவு என்று பயந்தால் அதற்கு ரத்தப் பரிசோதனையும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. பிப்ரவரி மத்தியானத்தில் பிள்ளையை வெயிலில் நிறுத்துவது வைத்தியமல்ல. “கறுத்துப் போயிடுவாள், நல்லா பூசி விடுங்க” என்று கேட்கும் அம்மாவும் உண்டு. பூசுங்கள், காரணத்தில் ஒத்துப்போக வேண்டாம். பிள்ளை காதில் விழும்படி நிறத்தைப் பேசாதீர்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை யு.வி. 3 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது நேரடி வெயிலில் வைக்கவே கூடாது. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் பரிந்துரைப்பதில்லை: தோல் மெல்லியது, எடையோடு பார்த்தால் தோல் பரப்பு மிக அதிகம், பூசியது உள்ளே ஏறும் வாய்ப்பு கூடுதல். நிழல், தளர்ந்த முழுக்கைச் சட்டை, படுக்கும்போது தலைக்கடியில் மடங்கிக்கொள்ளும் மென்மையான தொப்பி, இவைதான். பிராமின் (குழந்தைத் தள்ளுவண்டியின்) மேல் சேலைத் துணியையோ மஸ்லினையோ முழுக்க மூடிப் போர்த்தாதீர்கள். நிழல் கிடைக்கிறது, ஆனால் காற்று நின்று உள்ளே சூடு ஏறிவிடும். பிராமுக்கென்று விற்கும் காற்றோட்டமுள்ள வலைத்திரை போடுங்கள், அதையும் அடிக்கடி விலக்கிக் குழந்தையைத் தொட்டுப் பாருங்கள்.

கூலிங் கிளாஸ் பற்றிச் சுருக்கமாக: பொம்மைக் கண்ணாடி வேண்டாம், ஆஸ்திரேலியத் தரக் குறியீட்டில் 2, 3 அல்லது 4-ஆம் வகை, பின்னால் மெத்தென்ற எலாஸ்டிக். போடாத பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அந்த மல்லுக்கட்டைத் தொப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யு.வி. வேறு, சூடு வேறு என்று தொடக்கத்தில் பிரித்தோம். சூட்டுக்கும் தனியாகக் கவனம் வேண்டும். கறுப்பு ரப்பர் தரை, செயற்கைப் புல், பிளாஸ்டிக் சறுக்குமரம், கார் சீட்டின் உலோகக் கொக்கி இவையெல்லாம் 30 டிகிரி நாளிலேயே பிஞ்சுக் காலைச் சுட்டுப் புண்ணாக்கும். வெளியே விடுமுன் உங்கள் புறங்கையை அதில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் அங்கே விளையாட்டு இல்லை. செருப்பு, ஷூ கழற்றக் கூடாது. தண்ணீர் போத்தல்கள் வெளியே நிழலில், கைக்கு எட்டும் உயரத்தில்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் சுட்டுவிட்டால்? வெளிர்தோலில் சிவப்பு தெரியும். நம் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். தொட்டால் சூடாக, இறுக்கமாக இருக்கும், சட்டை பட்டால் அழும். முழு விளைவு பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் தெரியும். உடனே உள்ளே கொண்டுவந்து, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள், குடிக்கக் கொடுங்கள். ஐஸ் கட்டி, வெண்ணெய், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளம், காய்ச்சல், வாந்தி, தூங்கி விழுவது இருந்தால் டாக்டர். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் எதையும் எதிர்பார்க்காமல் டாக்டர். பெற்றோருக்கு அப்போதே போன் பண்ணுங்கள், மாலையில் கதவருகே சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சம்பவப் படிவத்தில் க்ரீம் பூசிய நேரம், வெளியே இருந்த நேரம், அன்றைய யு.வி. எண் மூன்றையும் எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டித் தாள் அப்போது கை கொடுக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரம் அலமாரியைத் திறந்து பாட்டில்களின் தேதியைப் பாருங்கள், தொப்பிகளைத் துவைத்து ஒவ்வொரு தலையிலும் வைத்துப் பாருங்கள். போன ஏப்ரலில் புருவம் வரை இறங்கிய தொப்பி இப்போது உச்சந்தலையில் நிற்கும்.